அரை அங்குலம் கூட்டி வரைந்த கை

காவியா ஆத்தா,

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதில்லை. தோஹாவிலிருந்து திரும்பி வந்த இந்த நாலு நாளில், ஷார்ஜா ரோலாவில் எதிரே வருகிற ஆளெல்லாம் நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டீக்கடை மலையாளி காசு வாங்க மாட்டேன் என்கிறான். முடிவெட்டுகிற பங்களாதேஷ்காரன் தன் கண்ணாடியின் மூலையில் உன் படத்தை ஒட்டியிருக்கிறான். அந்தப் படத்தில் பதக்கம் திரும்பிக் கிடக்கிறது, இருந்தாலும் பரவாயில்லை. துபாய் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் வரிசையை விட்டு வெளியே வந்து, நீங்கள்தானே அந்தப் பெண்ணின் அப்பா என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பஸ் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷ வளைகுடா வாழ்க்கையில் என்னை யாரும் இப்படி நிறுத்தி வைத்துப் பேசியதில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது, அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஆறு தடவை கேட்டேன். "அப்பா, இருபத்தஞ்சு மீட்டர் போட்டிக்கு லைசென்ஸ் வந்துருச்சு. சொந்தமா பிஸ்டல் வாங்கணும். ஆளாளுக்கு ஒரு மாடல் சொல்றாங்க. நீங்க பதினெட்டு வருஷமா அதுக்குள்ளயே கெடக்குறீங்க, எதுன்னு நீங்களே சொல்லிடுங்கப்பா." உனக்கு இது சின்னக் கேள்வி. எனக்கு இது சின்னக் கேள்வி இல்லை. இதற்கு முன்னால் ஒரு தடவை இதே கேள்விக்கு நான் பதில் சொல்லி, அதனால் நீ ஒரு வருஷத்தை இழந்தாய். அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். மீதியைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் ஒரு நோட்டு வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ ஒரு வயதுக் குழந்தையாக இருக்கும்போது தோஹாவிலிருந்து உங்கம்மாவுக்கு எழுதியதுதான் நான் கடைசியாக எழுதிய கடிதம். கை வலிக்கிறது, எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்.

முதலில் என் வேலையைப் பற்றி ஊரில் பரவியிருக்கிற புளுகை உடைத்துவிடுகிறேன். துப்பாக்கிக் கிளப்பில் வேலை என்றதும் நம் சனங்கள் நான் ஏதோ வீரன் என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. நான் டார்கெட் பேப்பர் மாட்டுகிறவன். சுட்டு முடித்ததும் பேப்பரைக் கழற்றி, புதுசு மாட்டி, தரையில் கிடக்கிற பித்தளைக் கூடுகளைப் பெருக்கி அள்ளுகிறவன். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை, அதுவும் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்கிற நசீர் பாய் வற்புறுத்தியதால், ஐந்து குண்டு சுட்டேன். மூன்று பேப்பரிலேயே படவில்லை. மற்ற இரண்டும் என்னுடையவைதானா என்று நசீர் பாய்க்கே சந்தேகம். ஆனால் ஓட்டைகளைப் பார்க்கத் தெரியும், ஆத்தா. ஒரு பேப்பரைக் கையில் கொடுத்தால் சுட்டவன் அவசரக்காரனா, பயந்தவனா, கை களைத்தவனா என்று சொல்லிவிடுவேன். ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த ஒரு திறமையை வைத்துக்கொண்டுதான் நான் உனக்கு அப்பாவாகவும் ஆசானாகவும் இருக்கலாம் என்று நினைத்துவிட்டேன்.

நீ என்சிசியில் சேர்ந்து, ரைஃபிளில் சுட்டு, பிறகு பிஸ்டல்தான் பிடிக்கிறது என்று சொல்லி, வாரம் ஒரு நாள் திருச்சி ரேஞ்சுக்குப் பஸ் ஏற ஆரம்பித்தபோது உனக்குப் பதினாறு வயது. ரேஞ்சில் இருந்த பொதுத் துப்பாக்கியை ஆறு பேர் மாற்றி மாற்றிப் பிடிப்பீர்கள். அடுத்த வருஷம் சொந்தமாக ஒரு ஏர் பிஸ்டல் வாங்கித் தருவதாகச் சொன்னேன். பெட்டியில் போட்டு எடுத்து வருகிற சாமான் இல்லை அது. மாடலையும் கைப்பிடியின் அளவையும் நான் இங்கிருந்து சொல்வது, சென்னை வியாபாரி வரவழைத்துக் கொடுப்பது என்று ஏற்பாடு. மாடலை நசீர் பாய் சொன்னார், அது நல்ல மாடல்தான். அளவுக்குத்தான் உன் கையைக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் அளவு தெரியாது, பேப்பரில் கையை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு என்றேன். நீ கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நீல மையில் வரைந்து, லீவு முடிந்து திரும்பிய என் ரூம்மேட் கண்ணனிடம் கொடுத்தனுப்பினாய். மிக்ஸர் பொட்டலத்துக்கும் ஊறுகாய்க்கும் நடுவே அந்தத் தாள் எண்ணெய் ஊறி வந்து சேர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்கு முந்தைய லீவில் நான் பிடித்துக்கொண்டு நடந்த கை அதைவிடச் சின்னது.

இனிமேல்தான் என் தவறு. வளைகுடாவில் இருக்கிற அப்பன்மார் அத்தனை பேருக்கும் ஒரு வியாதி உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. பிள்ளையின் அளவு எங்களுக்குத் தெரியாது. ரோலாவில் துணிக்கடையில் நின்றுகொண்டு, என் இடுப்பு உயரம் இருப்பாள் என்று கையைக் காட்டுவோம். அது போன லீவு உயரம் என்று உடனே ஞாபகம் வரும். கையை நெஞ்சுக்கு ஏற்றுவோம். பிறகு, நாம் மறுபடி போக இரண்டு வருஷம் ஆகுமே, அதுவரைக்கும் போட வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் ஏற்றுவோம். கடைக்காரனும் சிரித்துக்கொண்டே இரண்டு சைஸ் பெரிசை எடுத்துப் போடுவான், அவனுக்கும் ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கவுன், ஷூ, ஸ்கூல் பை, மழைக்கோட்டு என்று உனக்கு நான் வாங்கியது எதுவும் உன் வயதுக்கு வாங்கியது இல்லை. நான் மறுபடி உன்னைப் பார்க்கப் போகிற வயதுக்கு வாங்கியது. அதே பழக்கத்தில், உன் நீலக் கோட்டுக்கு வெளியே பென்சிலால் அரை அங்குலம் தள்ளி இன்னொரு கையை வரைந்தேன். வளர்கிற பிள்ளை என்று கண்ணனிடமும் சொன்னேன். அவன் ஆமாம் அண்ணே என்றான். பென்சில் கோட்டை அளந்து, சின்னப் பிடிக்குப் பதிலாக நடுத்தரப் பிடி என்று சென்னைக்குச் சொல்லிவிட்டேன். பதினேழு வயதுப் பெண்ணின் கை இனி எங்கே வளரப் போகிறது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

துப்பாக்கி வந்தது. நீ சந்தோஷத்தில் அழுத சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து பேப்பர் படங்கள் வர ஆரம்பித்தன. எல்லா ஓட்டையும் கீழே, இடது பக்கமாக, சிதறி. பொதுத் துப்பாக்கியில் எட்டும் ஒன்பதும் சுட்டுக்கொண்டிருந்த பெண், சொந்தத் துப்பாக்கியில் ஆறும் ஏழுமாகச் சுட்டாய். என்னப்பா தப்பு என்று கேட்டாய். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எந்த அப்பன் அப்படிச் சொல்வான்?

அந்தச் சமயத்தில்தான் நசீர் பாய் எனக்குக் குண்டு விழுவதைப் பற்றிச் சொல்லியிருந்தார். குண்டு நேர்க்கோட்டில் போவதில்லை, குழலை விட்டுக் கிளம்பிய நொடியே பூமி அதை இழுக்க ஆரம்பிக்கிறது என்றார். இதோடு விட்டாரா? தரைக்கு நேர்மட்டமாக ஒரு குண்டைச் சுட்டு, அதே நொடியில் அதே உயரத்திலிருந்து இன்னொரு குண்டைக் கையிலிருந்து சும்மா நழுவவிட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும் என்றார். நான் நம்பவில்லை. இரண்டு நாள் நினைத்துக்கொண்டே இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை ரூமில் மேசை விளிம்பில் இரண்டு திர்ஹம் காசு வைத்தேன். ஒரே அடியில் ஒன்றைத் தூரத்துக்குச் சுண்டி, மற்றதை அப்படியே கீழே தள்ளினேன். ரூமில் இருந்த ஏழு பேரும் சமையலை விட்டுவிட்டு வந்து காதைக் கொடுத்தார்கள். ஒரு காசு கட்டிலடியில் போய் விழுந்தது, ஒன்று என் காலடியில் விழுந்தது. சத்தம் ஒன்றுதான் கேட்டது. பத்து தடவை செய்து பார்த்தோம், பத்து தடவையும் ஒரே சத்தம். அன்றைக்குச் சாம்பார் அடிப்பிடித்தது. எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்குப் பெரிய ரகசியம் பிடிபட்டது போலிருந்தது.

அந்த ரகசியத்தை உன் தலையில் இறக்கினேன். உன் ஏர் பிஸ்டல் பெல்லட் பத்து மீட்டர் போவதற்குள் ஒரு விரல் அகலம் கீழே விழுகிறது, அதனால்தான் ஓட்டை கீழே இருக்கிறது, குறிபார்க்கிற பின் சைட்டை ஏற்று என்று போனில் பாடம் நடத்தினேன். ஏற்றினாய். நீ நன்றாகச் சுட்டதெல்லாம் மேலே பறந்தது, சரியில்லாமல் சுட்டதெல்லாம் பழைய இடத்திலேயே விழுந்தது. இறக்கு என்றேன், ஏற்று என்றேன். பத்து மாதம் அந்தச் சைட்டின் திருகைத் திருப்பவிட்டேன். கடைசியில் உன் மணிக்கட்டில் பலமில்லை என்று கண்டுபிடித்து, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். தோள் வீங்கி நீ ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பை தூக்க முடியாமல் போனாய். அந்த வருஷ மாநிலப் போட்டியில் கடைசிக்குப் பக்கத்தில் வந்தாய். பஸ் ஸ்டாண்டில் இருந்து போன் பண்ணி, "எனக்குக் கை சரியில்லப்பா. இத வித்துருங்க" என்றாய். அழக்கூட இல்லை. அந்தக் குரலை நான் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

அடுத்த வாரமே எனக்குப் புத்தி வந்தது. கிளப்பில் ஒரு கம்பெனி ஆட்கள் பழக வந்திருந்தார்கள். அதில் பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருவர், நர்ஸ், சின்ன உருவம். அவருடைய பேப்பரைக் கழற்றப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கீழே, இடது பக்கம், சிதறல். உன் பேப்பர். என் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அச்சு அசலாக உன் பேப்பர். அதற்குள் நசீர் பாய் வந்து அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தார், வேறு துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார், பிடி சின்னது. அடுத்த பத்து ஓட்டையும் நடுவில் ஒரு டீ கிளாஸ் வட்டத்துக்குள் அடங்கிவிட்டன. ஓடிப்போய் நசீர் பாயிடம் கேட்டேன். "தேக்கோ பாய், ஹாத் சோட்டா, கிரிப் படா. பந்தூக் கா க்யா கசூர்?" என்றார். கை சின்னது, பிடி பெரிசு, இதில் துப்பாக்கி என்ன தப்புச் செய்தது என்கிறார். பிடி பெரிசாக இருந்தால் விரல் டிரிகரில் முழுசாக உட்காராமல் நுனிதான் தொடும். இழுக்கும்போது நேர் பின்னால் வராமல் பக்கவாட்டில் தள்ளும். அதைச் சமாளிக்க மற்ற விரல்கள் இறுக்கும், துப்பாக்கியின் மூக்கு கீழே குனியும். கீழே, இடது பக்கம்.

அன்றைக்கு நான் பித்தளைக் கூடு பெருக்கிக்கொண்டே எனக்குள் திட்டிக்கொண்டது போல வேறு யாரையும் திட்டியதில்லை. பூமி கீழேதானே இழுக்கும், இடது பக்கம் எப்படி இழுக்கும்? இதைக்கூட யோசிக்காமல் பத்து மாதம் பாடம் நடத்தியிருக்கிறேன். குண்டு விழுவது ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு. எல்லா ஓட்டையையும் சேர்த்துக் கீழே தள்ளுமே தவிர, ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் சிதற விடாது. அதைத் துப்பாக்கி செய்கிறவன் முதலிலேயே கணக்குப் பார்த்து, சைட்டைக் குழலுக்குக் கொஞ்சம் சாய்த்துத்தான் வைக்கிறான், நாம் பார்க்கிற பார்வைக்குக் கீழிருந்து குழல் லேசாக மேல்நோக்கிச் சுடுகிறது. ஒரு தடவை சரியாக வைத்துவிட்டால் அதை மறந்துவிடலாம். பூமி யாரையும் ஏமாற்றுவதில்லை. ஏமாற்றியது என் பென்சில்.

மாலையில் உனக்குப் போன் பண்ணினேன். தப்பு என்னுடையது, பிடி பெரிசு, அளவை நான்தான் கூட்டிச் சொன்னேன் என்று சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. நீ வீடியோவில் வந்து பிடியைக் கையில் வைத்துக் காட்டினாய், விரல் நுனி டிரிகரை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. பத்து மாதம் கழித்துத்தான் அதைப் பார்க்கிறேன். அதுவரைக்கும் நீ பேப்பரைத்தான் படம் எடுத்து அனுப்பினாய், நானும் பேப்பரைத்தான் கேட்டேன். சின்னப் பிடி வரவழைக்க மூன்று மாதம் ஆகும் என்றார் வியாபாரி. உனக்கு அடுத்த போட்டிக்கு மூன்று வாரம். மரத்தைத் தேய்த்துச் சின்னதாக்கலாம் என்று நசீர் பாய் சொன்னார். வெளிநாட்டு வால்நட் மரம், ஒரு தடவை தப்பாகத் தேய்த்தால் போச்சு என்று நானும் நீயும் தயங்கிக்கொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து உங்கம்மா குரல் கேட்டது.

"அதக் கொண்டா இங்க. பதினஞ்சு வருசமா இந்த மனுசன் வாங்கி அனுப்புறதையெல்லாம் பிடிச்சுத் தச்சுக்கிட்டு இருக்கேன். இது ஒண்ணுதான் பாக்கி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதைப் பிடித்துத் தைத்தாய் என்று கேட்டேன். அவள் ஊரெல்லாம் ரவிக்கை தைக்கிறவள், அது எனக்குத் தெரியும். நான் வாங்கி வந்த ஒவ்வொரு கவுனையும் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, பாவாடை விளிம்பை மடித்து, ஷூவுக்குள் பஞ்சு வைத்து, அப்புறம்தான் உன்னைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். நான் அந்தப் போட்டோக்களை ரூமில் எல்லோருக்கும் காட்டி, பார்த்தாயா, கண்ணால் அளந்து வாங்கினேன், எவ்வளவு கச்சிதம் என்று பீற்றியிருக்கிறேன். பதினைந்து வருஷம் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "கடல் தாண்டி வாங்கி வர்ற மனுசன்கிட்ட சைஸ் சரியில்லன்னா சொல்லுவாக?" என்றாள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். எதிர்வீட்டு ஆசாரியிடம் அரம் வாங்கி வந்து, உன் கையில் பிடியைக் கொடுத்துப் பார்ப்பாள், சாக்பீஸால் கோடு போடுவாள், கொஞ்சம் தேய்ப்பாள், மறுபடி கொடுத்துப் பார்ப்பாள், ஜாக்கெட்டுக்கு அளவு பார்க்கிற மாதிரியே. மூன்று நாள். தைக்கிறவளுக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அளவு எடுக்கும்போது ஆள் எதிரில் நிற்க வேண்டும். நாலாவது நாள் நீ அனுப்பிய பேப்பரில் பத்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடுகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் மேலே இருந்தது, நான் ஏற்ற வைத்த சைட்டின் மிச்சம். இறக்கினாய், நடுவுக்கு வந்தது. கண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ரூம் கதவில் ஒட்டினான். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு மாவட்டம், மாநிலம், தேசிய முகாம், இந்திய அணி என்று நீ போன வேகத்துக்கு என்னால் ரூமில் இனிப்பு வாங்கிக் கொடுத்து மாளவில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனித்தாயா? இந்த ஏழு வருஷத்தில் நீ சுடுவதை நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. நான் லீவில் வரும்போது உனக்குப் போட்டி இருக்காது, உனக்குப் போட்டி இருக்கும்போது எனக்கு டியூட்டி இருக்கும். ஆசிய அளவிலான போட்டி தோஹாவில் என்றதும் மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் காரணம் கேட்டார், சொன்னேன். எழுந்து நின்று கை கொடுத்து, "யல்லா, போ" என்றார்.

தோஹா தொழில்பேட்டையில்தான் நான் வளைகுடாவில் முதன்முதலில் இறங்கினேன். ஒர்க்‌ஷாப்பில் நாலு வருஷம் லேத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போதைய கூட்டாளி முருகேசன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். உன் போட்டி வெள்ளிக்கிழமை என்றதும் தொழிலாளர் கேம்பிலிருந்து பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, ஏதோ பெண் பார்க்கப் போகிற மாதிரி. அந்தக் குளிரூட்டிய அரங்கத்தில் கோட்டு சூட்டு ஆட்களுக்கு நடுவே ஒரு வரிசை முழுக்க நாங்கள்தான். எட்டுப் பெண்கள் வரிசையாக முதுகைக் காட்டி நின்றீர்கள். ஒரே மாதிரி நிற்கிறீர்கள், ஒரு கண்ணை மறைத்துக் கண்ணாடி. "எதுண்ணே நம்ம பொண்ணு?" என்று முருகேசன் கேட்டான். உண்மையைச் சொல்கிறேன், சட்டென்று எனக்கும் தெரியவில்லை. அப்புறம் ஒரு கை உயர்ந்தது. அந்தப் பிடியின் கீழ்ப்பக்கம் பாலிஷ் போய், வெளுத்த மரமாகத் தெரிந்தது. உங்கம்மாவின் அரம். அதோ, அந்த வெள்ளை மரம்தான் நம் பொண்ணு என்றேன்.

புள்ளி குறைந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் நீயும் அந்தக் கொரியப் பெண்ணும் மட்டும் நின்றீர்கள். இரண்டே குண்டு பாக்கி, நீ அரைப் புள்ளி பின்னால். நீ கையை உயர்த்தினாய், சுடாமல் இறக்கினாய். அவள் சுட்டுவிட்டாள். நீ மறுபடி உயர்த்தி மறுபடி இறக்கினாய். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. முருகேசன் என் தொடையைப் பிடித்து நசுக்கினான். "ஏண்ணே சுட மாட்டேங்குது? பயந்துருச்சா?" என்றான். என் வாழ்நாளில் முதல் தடவையாக உன்னைப் பற்றி எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. "பயமில்லடா. பிடி கையில உக்காரல. உக்காந்ததும் சுடும் பாரு" என்றேன். விரல்களை ஒரு தடவை விரித்து மூடினாய். கை உயர்ந்தது, நின்றது. பத்துப் புள்ளி ஆறு. அடுத்தது பத்துப் புள்ளி நாலு. அவளுடையது ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. பலகையில் உன் பெயர் மேலே ஏறியபோது தொழில்பேட்டையே எழுந்து நின்று கத்தியது. அங்கே அப்படிக் கத்தலாமா என்று எனக்குத் தெரியாது, யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நம் நாட்டுக் கொடி ஏறும்போது பதினோரு பேரும் ஆடாமல் நின்றார்கள்.

அப்புறம் நீ எங்களிடம் வந்தாய். பதினோரு பேருக்கும் வரிசையாகக் கை கொடுத்தாய். முருகேசன் தன் லேத்துக் கையில் உன் கையை வைத்துக்கொண்டு, "இத்துணூண்டு கைதானா?" என்றான். நீ பெட்டியைத் திறந்து பிஸ்டலை என்னிடம் காட்டினாய். நான் லீவில் வந்தபோதெல்லாம் பெட்டி ரேஞ்சிலேயே இருந்ததால், அந்தப் பிடியை அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தொட்டேன். என் கைக்கு அது பிடிபடவே இல்லை. அவ்வளவு சந்தோஷமான விஷயம் என் வாழ்க்கையில் நடந்ததில்லை, ஆத்தா.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இருபத்தைந்து மீட்டருக்கு எந்தத் துப்பாக்கி? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மாடல் பெயர் மட்டும் சொல்ல மாட்டேன். குண்டு விழுவதைப் பற்றிக் கவலைப்படாதே. அதன் வேகம் உன் பெல்லட்டைப் போல இரண்டு மடங்கு, இருபத்தைந்து மீட்டரில் இரண்டு விரல் அகலம்தான் விழும். தூரம் இரண்டு மடங்கானால் வீழ்ச்சி நாலு மடங்கு என்பதை மட்டும் ஞாபகம் வை, ஐம்பது மீட்டருக்கு எப்போதாவது போனால் உதவும். மற்றதைச் சைட் பார்த்துக்கொள்ளும். கடையில் எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் முதலில் காலியாக இருக்கிறதா என்று நீயே பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ரேஞ்சில் நிற்கிற மாதிரி நின்று கையை உயர்த்து. கண்ணைத் திற. முன் சைட்டும் பின் சைட்டும் தானாக ஒரே கோட்டில் இருந்தால் அது உன் கையோடு பேசுகிறது. மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால் கீழே வைத்துவிடு. விரலின் முதல் கணு டிரிகரில் எட்டிப் பிடிக்காமல் சும்மா போய் உட்கார வேண்டும். இந்தத் துப்பாக்கி உதைக்கும், உதைத்து அடங்கியபின் மூக்கு பழைய இடத்துக்கே திரும்பி வருகிறதா என்று பார். போன வருஷ சாம்பியன் எதை வைத்திருந்தாள் என்று கேட்காதே, அவள் கை வேறு. நிறத்தைப் பார்க்காதே. முக்கியமாக, ஷார்ஜாவில் பேப்பர் மாட்டுகிற ஓர் ஆளிடம் கேட்காதே. மாப்பிள்ளை பார்க்கிற காலம் வரும்போதும் இதையே சொல்வேன் என்று வைத்துக்கொள், உங்கம்மாவிடம் மட்டும் காட்டிவிடாதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். எண்ணெய் ஊறின கணக்கு நோட்டுத் தாள், ஆறு வருஷமாக என் பர்ஸில் இருந்தது. நீலக் கோட்டில் உன் கை அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி நான் போட்ட பென்சில் கோட்டை நேற்று ரப்பர் வாங்கி வந்து அழித்துவிட்டேன். சுண்டுவிரல் பக்கம் தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது, பரவாயில்லை. உன் கையை அதன்மேல் வைத்துப் பார். சரியாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், தோஹாவில் அதைப் பிடித்துப் பார்த்தேனே.

அடுத்த மாதம் லீவில் வருகிறேன். ரோலாவில் ஒரு கடையில் உனக்கு ஷூ ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அளவு எழுதி அனுப்பு. நீ எழுதியதையே வாங்குகிறேன்.

உன் அப்பா